பதினெட்டு வயதில் பதக்கம், பிறகு?

ஹைதராபாத்தின் மேற்குக் கோடியில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது ராமச்சந்திராபுரம். திருச்சியை அடுத்த திருவெறும்பூரைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரியாது. அதே 'பெல்' ஆலை, அதே மாதிரி குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், மைதானம். இந்தப் பொதுத்துறை ஊர்கள் எந்திரங்களோடு ஒரு நம்பிக்கையையும் உற்பத்தி செய்தன. நன்றாக ஸ்மாஷ் அடிக்கத் தெரிந்த பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் எப்படியும் ஒரு வேலை கிடைத்துவிடும் என்பதுதான் அது. ரயில்வே, தபால் துறை, வங்கிகள், ராணுவம் என்று இந்திய வாலிபால் பல காலம் உயிர் பிழைத்தது இந்த நம்பிக்கையில்தான்.

வேலை கிடைக்காதவர்களுக்கு ஹைதராபாத்தில் இன்னொரு நம்பிக்கை உண்டு: வளைகுடா. அங்கே போய்ச் சம்பாதித்து வந்தவர்களின் கதை இந்நகரில் தெருவுக்குத் தெரு கேட்கும். ஆனால் வாலிபாலைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை இந்தியாவில் கவனிப்பவர்கள் மிகக் குறைவு. அரபு நாடுகளின் இளையோர் அணிகள் தங்களுக்குள் மோதும் போட்டிகளுக்கு நம் பத்திரிகைகளில் ஒரு வரி கிடைத்தாலே அதிசயம்.

அந்தப் போட்டிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சவுதி அரேபியா, கத்தார், பஹ்ரைன் எல்லாம் ஆசிய சம்மேளனத்தைச் சேர்ந்தவை. எகிப்து, துனிசியா, அல்ஜீரியா ஆப்பிரிக்க சம்மேளனத்தைச் சேர்ந்தவை. சாதாரணமாக இந்த இரு தரப்பும் உலகப் போட்டியில்தான் சந்திக்க முடியும். அரபு மொழி என்ற ஒரே காரணத்தால் இவை முன்கூட்டியே சந்தித்துக் கொள்கின்றன. துனிசியா 1972 முனிச் தொடங்கி ஏழு ஒலிம்பிக்குகளில் ஆடிய நாடு. எகிப்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடியது. இப்படிப்பட்ட நாடுகளின் பையன்களுடன் பதினெட்டு வயதிலேயே மோதும் வாய்ப்பு வளைகுடாப் பையனுக்குக் கிடைக்கிறது. தோற்றாலும் லாபம்தான்.

இந்தியப் பையனுக்குத் திறமை குறைவா? கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1994ல் ஆசிய ஜூனியர் பட்டத்தை இந்தியா வென்றது, அதுவும் அரபு மண்ணான தோஹாவில். 2003ல் விசாகப்பட்டினத்தில் நடந்த ஆசிய யூத் போட்டியிலும் இந்தியாவுக்கே தங்கம். அதே ஆண்டு தாய்லாந்தில் நடந்த உலக யூத் சாம்பியன்ஷிப்பில் இந்தியா இறுதி ஆட்டம் வரை சென்று பிரேசிலிடம்தான் தோற்றது. 2022ல் பஹ்ரைனில் நடந்த ஆசியப் போட்டியில் இருபது வயதுக்குட்பட்ட இந்திய அணிக்கு வெள்ளி.

பெரியவர்கள் பட்டியலோ வேறு கதை சொல்கிறது. ஆசிய விளையாட்டில் 1958ல் வெண்கலம், 1962ல் வெள்ளி, 1986ல் சியோலில் மீண்டும் வெண்கலம். அதற்குப் பிறகு இந்திய ஆடவர் அணிக்கு அங்கே பதக்கமே இல்லை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது சவுதி அரேபியா. 2023ல் ஹாங்சோவில் நடந்தபோது கத்தார் நான்காவது, இந்தியா ஆறாவது. ஒலிம்பிக்கில் இந்திய வாலிபால் அணி இதுவரை கால் வைத்ததில்லை.

பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் எங்கே தொலைந்து போகிறார்கள் இந்தப் பையன்கள்? பெரும்பாலும் ஒரு வேலையில். உள்ளூர்ப் போட்டி, துறைகளுக்கு இடையிலான போட்டி, தேசிய சாம்பியன்ஷிப் என்று ஆண்டு ஓடிவிடுகிறது. எதிரில் நிற்பவர்கள் பழகிய முகங்கள், பழகிய பிளாக். வெளிநாட்டு அணியைப் பார்ப்பது எப்போதோ ஒரு முறை. குடும்பத்துக்கு அந்த வேலை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை யாரும் மறுக்க முடியாது. பையனைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வேலைகளும் இப்போது சுருங்கிவிட்டன என்பதுதான் கூடுதல் சங்கடம்.

வளைகுடாவின் வெற்றி பணத்தால் வந்தது, கத்தார் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் குடியுரிமை கொடுத்து அணி சேர்க்கிறது என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பஹ்ரைனைப் பார்க்க வேண்டும். மொத்த ஜனத்தொகையே ஹைதராபாத்தில் ஒரு பகுதிக்குத்தான் ஈடாகும். அந்தக் குட்டி நாடு 2017, 2019, 2023 என்று மூன்று முறை உலக இளையோர் போட்டிகளைத் தன் மண்ணில் நடத்தியிருக்கிறது. நடத்தும் நாட்டு அணிக்குத் தகுதிச் சுற்று இல்லாமலே இடம் உண்டு. உலகமே பையன்களைத் தேடி வந்துவிடுகிறது.

இந்திய நிர்வாகத்தின் கவனமோ பல ஆண்டுகள் வேறு இடத்தில் இருந்தது. கோஷ்டிப் பூசல் முற்றி, 2016 டிசம்பரில் சர்வதேச சம்மேளனம் இந்திய சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. பிறகு பணம் வந்தது, லீக் போட்டிகளும் வந்தன. 2022ல் பிரைம் வாலிபால் லீகின் முதல் சீசன் முழுவதும் நடந்தது ராமச்சந்திராபுரத்துக்குப் பக்கத்திலுள்ள கச்சிபௌலி உள்ளரங்கில்தான். வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் சில வாரங்களில் முடிந்துவிடும் லீக், இளைஞனின் மீதி மாதங்களுக்கு வழி சொல்வதில்லை.

வழி தெரியாததும் அல்ல. கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ் இத்தாலிக்குப் போகும் முன் 1979 முதல் 1982 வரை ஆடியது அபுதாபி கிளப்புக்குத்தான். அன்று வளைகுடா இந்தியாவிலிருந்து ஆட்டக்காரரைத் தேடியது. இன்று இந்திய ஜூனியர் அணி வளைகுடாவைத் தேடிப் போகலாம். ஹைதராபாத்திலிருந்து தோஹாவுக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். ஆண்டுக்கு இரண்டு சுற்றுப்பயணம், அரபு அணிகளை இங்கே அழைத்து ஒரு போட்டி. கோடிக்கணக்கில் செலவாகும் லீகை நடத்தும் நாட்டுக்கு இது பெரிய செலவல்ல.

1986 சியோல் வெண்கல அணியில் ஆடிய பி.வி. ரமணா ஹைதராபாத்தில் வாழ்கிறார். மனைவியும் வாலிபால் வீராங்கனைதான். அவர்களுடைய மகள் பி.வி. சிந்து ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வென்றார், பேட்மிண்டனில். சிறு வயதிலிருந்தே நாடு நாடாகப் போய் ஆடும் வாய்ப்பு அந்த ஆட்டத்தில் இருந்தது. பெற்றோரின் ஆட்டத்தில் அது இன்னும் வரவில்லை.