ஆப்கான் கிரிக்கெட்: அகதி முகாமிலிருந்து அரையிறுதி வரை

2023 அக்டோபர் 23. சென்னை சேப்பாக்கம் மைதானம். உலகக் கோப்பைப் போட்டியில் பாகிஸ்தான் நிர்ணயித்த 283 ரன்கள் இலக்கை, இரண்டே விக்கெட்டுகளை இழந்து ஆப்கானிஸ்தான் எட்டிப் பிடித்தது. ஒருநாள் போட்டிகளில் பாகிஸ்தானை அந்த அணி வென்றது அதுவே முதல்முறை. வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து நன்றி சொன்னபோது, நம் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அன்று 87 ரன்கள் எடுத்து ஆட்டநாயகன் விருது பெற்ற இப்ராஹீம் ஸத்ரான், அந்த விருதை பாகிஸ்தானிலிருந்து ஆப்கானுக்குத் திருப்பி அனுப்பப்படும் மக்களுக்குச் சமர்ப்பிப்பதாக அறிவித்தார். உரிய ஆவணமின்றி தங்கியிருக்கும் வெளிநாட்டவர் நவம்பர் 1-க்குள் வெளியேற வேண்டும் என்று பாகிஸ்தான் அரசு அந்த மாதத்தில்தான் உத்தரவிட்டிருந்தது. அந்த உத்தரவால் பாதிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்கானியர்கள்.

இந்த அணியின் எழுச்சியைப் பற்றிப் பேசும் பலரும் வெற்றிப் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அகதி வாழ்க்கை, அரசியல், அண்டை நாடுகளின் கணக்குகள், வீட்டுக்குள் அடைக்கப்பட்ட பெண்கள் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்காமல் ஆப்கான் கிரிக்கெட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

முகாமில் பிறந்த அணி

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. லட்சக்கணக்கான குடும்பங்கள் எல்லை தாண்டி பாகிஸ்தானுக்குள் தஞ்சம் புகுந்தன. பெஷாவரைச் சுற்றி எழுந்த அகதி முகாம்களில் வளர்ந்த சிறுவர்கள்தான் கிரிக்கெட்டைக் கற்றுக்கொண்டார்கள். டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி, மண் தரையில் விளையாடிய ஆட்டம் அது. கச்சா காடி முகாமில் வளர்ந்த தாஜ் மாலிக்தான் இந்த இளைஞர்களை ஓர் அணியாகத் திரட்டப் பாடுபட்டவர். பின்னாளில் கேப்டனான முஹம்மது நபியும் பெஷாவரில் வளர்ந்தவரே.

1995-இல் ஆப்கான் கிரிக்கெட் அமைப்பு உருவானது. விளையாட்டுகளைத் தடை செய்திருந்த முதல் தாலிபான் ஆட்சி, 2000-இல் கிரிக்கெட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. 2001-இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி. ஆப்கானிஸ்தானை இணை உறுப்பினர்களுக்கும் கீழான நிலையில் சேர்த்துக்கொண்டது.

பிறகு நடந்தது விளையாட்டு உலகில் அரிதானது. 2008-இல் ஜெர்ஸி தீவில் நடந்த உலக கிரிக்கெட் லீக் ஐந்தாம் பிரிவில் வென்றார்கள். அதே ஆண்டு தான்சானியாவில் நான்காம் பிரிவு, 2009 தொடக்கத்தில் அர்ஜென்டினாவில் மூன்றாம் பிரிவு என்று அடுத்தடுத்து ஏறினார்கள். 2009 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் நடந்த தகுதிச் சுற்றில் 2011 உலகக் கோப்பை வாய்ப்பு நழுவினாலும், ஒருநாள் போட்டி விளையாடும் அந்தஸ்து கிடைத்தது. ஐந்தாம் பிரிவிலிருந்து அந்த அந்தஸ்து வரை ஓராண்டுகூட ஆகவில்லை!

2010-இல் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை. 2015-இல் முதல் ஒருநாள் உலகக் கோப்பை. டுனெடின் நகரில் ஸ்காட்லாந்தை ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்திய முதல் வெற்றி. 2016-இல் நாக்பூரில், அந்த ஆண்டு கோப்பையை வென்ற மேற்கிந்தியத் தீவுகளையே தோற்கடித்தார்கள். 2017 ஜூன் 22 அன்று அயர்லாந்தோடு சேர்த்து ஐ.சி.சி.யின் முழு உறுப்பினர் ஆனார்கள்.

வளர்ச்சிக்குக் காரணம் என்ன?

"ஆப்கானியர்கள் பிறவிப் போராளிகள், அதனால் வென்றார்கள்" என்று எழுதுவது எளிது. அது ஒரு சமூகத்தின் உழைப்பைக் கொச்சைப்படுத்தும் பேச்சும்கூட. காரணங்கள் அதைவிடத் தெளிவானவை.

முதலாவது, ஏணி திறந்திருந்தது. ஐந்தாம் பிரிவில் வென்றால் நான்காம் பிரிவு என்ற முறை அன்று இருந்தது. பணமும் மைதானமும் இல்லாத அணிகூட ஆட்டத்தால் மட்டுமே மேலே வர முடிந்தது.

இரண்டாவது, சுழற்பந்து. நங்கர்ஹாரைச் சேர்ந்த ரஷீத் கான் 2015-இல் அறிமுகமானார். 2017-இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி அவரை நான்கு கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2025 பிப்ரவரியில் உலகின் எல்லா இருபது ஓவர் போட்டிகளையும் சேர்த்து அதிக விக்கெட் எடுத்தவர் என்ற இடத்தை அடைந்தார். அவரைத் தொடர்ந்து முஜீபுர் ரஹ்மான், நூர் அஹ்மத் என்று ஒரு வரிசையே வந்தது. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக மூன்று விக்கெட் எடுத்தபோது நூருக்கு வயது 18. 2025 ஐ.பி.எல்.லில் அவர் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக 24 விக்கெட் எடுத்ததை நம் வாசகர்கள் அறிவார்கள்.

மூன்றாவது, அடுத்தவர் மைதானங்கள். ஷார்ஜா, கிரேட்டர் நொய்டா, டேராடூன், லக்னோ எனப் பல ஊர்கள் அவர்களின் 'சொந்த மைதானம்' ஆகியிருக்கின்றன. இந்தியா கைகொடுத்தது உண்மை, பாராட்டத்தக்கது. அதே சமயம் இரவல் வீட்டுக்கு ஒரு எல்லை உண்டு. 2024 செப்டம்பரில் நியூசிலாந்துடனான ஒரே டெஸ்ட், கிரேட்டர் நொய்டாவில் மழையாலும் ஈரம் காயாத மைதானத்தாலும் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டது. சொந்த மண்ணில் ஒரு நல்ல மைதானம் இருந்தும் அங்கே எந்தப் பெரிய அணியும் வரத் தயாராக இல்லை என்றால், இழப்பு யாருக்கு?

தோல்விகளும் பாடமாக இருந்தன. 2018 ஜூனில் பெங்களூருவில் ஆடிய முதல் டெஸ்ட் இரண்டே நாளில் முடிந்தது. இன்னிங்ஸ் மற்றும் 262 ரன்கள் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. 2019 உலகக் கோப்பையில் ஒன்பது ஆட்டங்களிலும் தோல்வி. அந்தத் தொடருக்குச் சில வாரங்கள் முன்புதான் அஸ்கர் ஆப்கானை வாரியம் கேப்டன் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. 2021-இல் அணித் தேர்வில் தன்னைக் கலந்தாலோசிக்கவில்லை என்று ரஷீத் கான் கேப்டன் பதவியை உதறினார். திறமை கீழிருந்து வந்தது. குழப்பம் பெரும்பாலும் மேலிருந்து வந்தது.

இதையெல்லாம் தாண்டியே 2023 உலகக் கோப்பையில் இங்கிலாந்து, பாகிஸ்தான், இலங்கை, நெதர்லாந்து ஆகிய நான்கு அணிகளை வென்றார்கள். மும்பையில் ஆஸ்திரேலியாவை 91 ரன்களுக்கு ஏழு விக்கெட் என்ற நிலைக்குத் தள்ளி, மேக்ஸ்வெல்லின் இரட்டைச் சதத்தால் தோற்றார்கள். 2024 இருபது ஓவர் உலகக் கோப்பையில் நியூசிலாந்தை 75 ரன்களுக்குச் சுருட்டினார்கள்; ஆஸ்திரேலியாவை வீழ்த்தினார்கள்; அரையிறுதிக்குப் போனார்கள். அங்கே தென்னாப்பிரிக்காவிடம் 56 ரன்களுக்கு ஆட்டமிழந்தாலும், காபூலிலும் ஜலாலாபாத்திலும் மக்கள் அதற்கு முன்பே தெருக்களில் திரண்டு கொண்டாடியிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் லாகூரில் நடந்த சாம்பியன்ஸ் டிராபி ஆட்டத்தில் இப்ராஹீம் ஸத்ரான் 177 ரன்கள் குவிக்க, இங்கிலாந்தை எட்டு ரன்களில் வென்று தொடரிலிருந்தே வெளியேற்றினார்கள்.

கைதட்டலுக்குள் இருந்த அரசியல்

சேப்பாக்கத்தில் ஒலித்த கைதட்டல் எல்லாமே ஒரே காரணத்துக்காக எழுந்ததல்ல. எளிய அணி வென்றதே என்று மகிழ்ந்தவர்கள் பலர். பாகிஸ்தான் தோற்றதே என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. இன்று ஆப்கான் அணியைத் தோளில் தூக்குபவர்களில் சிலர், நாளை இந்தியாவை அந்த அணி வென்றால் எப்படிப் பேசுவார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம்.

நம் சமுதாயத்துக்குள்ளும் ஒரு தவறு நடக்கிறது. ஆப்கான் வென்றால் அதை ஒரு மார்க்க வெற்றியாகச் சித்தரிக்கும் பதிவுகள் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகின்றன. வென்றதும் தோற்றதும் இரண்டு முஸ்லிம் நாடுகள் என்ற எளிய உண்மைகூட அந்த ஆர்வத்தில் மறந்துபோகிறது. விளையாட்டை விளையாட்டாகப் பார்ப்போம். அந்த வீரர்களின் உழைப்புக்கு அதுவே மரியாதை.

இரு அண்டை நாடுகளின் பகை மைதானத்தோடு நிற்கவில்லை. 2025 அக்டோபரில் பக்திகா மாகாணத்தில் பாகிஸ்தான் நடத்திய வான் தாக்குதலில் உள்ளூர் கிரிக்கெட் வீரர்கள் மூவர் கொல்லப்பட்டதாக ஆப்கான் வாரியம் அறிவித்தது. பாகிஸ்தானில் நடக்கவிருந்த முத்தரப்புத் தொடரிலிருந்தும் விலகியது. தீவிரவாதிகளையே குறிவைத்ததாக பாகிஸ்தான் சொன்னது. முகாம்களில் கிரிக்கெட்டைக் கற்றுக்கொடுத்த மண்ணுக்கும் கற்றுக்கொண்ட மக்களுக்கும் இடையே இன்று நிற்பது இந்தப் பிளவுதான்.

வெளியே நிறுத்தப்பட்ட மகள்கள்

இனி, சங்கடமான கேள்விக்கு வருவோம். 2020 நவம்பரில் ஆப்கான் வாரியம் 25 பெண் வீராங்கனைகளுக்கு ஒப்பந்தம் வழங்கியது. 2021 ஆகஸ்டில் தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்தது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேறி ஆஸ்திரேலியாவில் தஞ்சமடைந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று மெல்போர்னில் ஒரு காட்சிப் போட்டியில் அவர்கள் மீண்டும் ஓர் அணியாகக் களமிறங்கினார்கள். ஓர் ஆட்டம் ஆட மூன்றரை ஆண்டு காத்திருப்பு!

ஆஸ்திரேலியா ஆப்கான் ஆண்கள் அணியுடனான இருதரப்புத் தொடர்களை மறுத்துவருகிறது. 2025 தொடக்கத்தில் இங்கிலாந்து அரசியல்வாதிகள் 160-க்கும் மேற்பட்டோர் ஆப்கானுடனான ஆட்டத்தைப் புறக்கணிக்கக் கோரினார்கள். ஆனால் உலகக் கோப்பையில் அதே ஆஸ்திரேலியா ஆப்கானுடன் ஆடுகிறது. அங்கே புள்ளிகள் போய்விடுமே! கொள்கை என்றால் எங்கும் கொள்கையாக இருக்க வேண்டும்.

ஐ.சி.சி.யின் நிலை இதைவிட மோசம். முழு உறுப்பு நாட்டில் பெண்கள் கிரிக்கெட்டுக்கும் இடம் வேண்டும் என்பது அதன் சொந்த விதி. 2023 நவம்பரில் அரசுத் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கை வாரியத்தை இடைநீக்கம் செய்த அதே அமைப்பு, ஆப்கான் விஷயத்தில் ஆண்டுக்கணக்கில் மௌனம் காத்தது. 2025 ஏப்ரலில்தான் நாடிழந்த வீராங்கனைகளுக்கு உதவ ஒரு செயற்குழுவை அறிவித்தது.

இவர்களின் இரட்டை வேடத்தைச் சுட்டிக்காட்டுவது நம் உரிமை. ஆனால் அதையே சாக்காக வைத்து உண்மையை மறைக்க நமக்கு உரிமை இல்லை. ஆப்கானில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு மூடப்பட்டிருக்கிறது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சியும் நிறுத்தப்பட்டது. பெண் மருத்துவரிடம்தான் பெண்கள் போக வேண்டும் என்று சொல்லும் சமூகத்தில், பெண் மருத்துவர் உருவாகவே கூடாது என்றால் அந்தத் தாய்மார்கள் எங்கே போவார்கள்?

அப்போது வாய்திறந்தவர்கள் ரஷீத் கானும் முஹம்மது நபியும்தான். ஆண், பெண் இருபாலரும் கல்வி கற்பதை இஸ்லாம் வலியுறுத்துகிறது என்பதைச் சொல்லி, முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு ரஷீத் பகிரங்கமாகக் கோரினார். குடும்பமும் உறவும் அந்த நாட்டில் இருக்கும் ஒருவர் இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! எந்த ஆபத்தும் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் அதைச் சொல்லத் தயங்கினால் அது நியாயமாகாது.

என்ன செய்யலாம்?

ஆண்கள் அணியைத் தடை செய்வதால் ஒரு பள்ளிக்கூடம்கூடத் திறக்கப்போவதில்லை. பஞ்சமும் நிலநடுக்கமும் வெளியேற்றமும் வாட்டும் மக்களுக்கு மிஞ்சியிருக்கும் சில மகிழ்ச்சிகளில் ஒன்றைப் பறிப்பதாகவே அது முடியும். ஹெராத் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தன் உலகக் கோப்பை ஊதியம் முழுவதையும் கொடுத்த ரஷீத் போன்றவர்களைத் தண்டித்து என்ன சாதிப்போம்?

எனவே நடைமுறைக்கு உகந்த வழி ஒன்றுதான். ஆப்கான் வாரியத்துக்கு ஐ.சி.சி. ஒதுக்கும் நிதியில் பெண்களுக்குரிய பங்கைத் தனியே எடுத்து, புலம்பெயர்ந்த வீராங்கனைகளிடம் நேரடியாகச் சேர்க்க வேண்டும். அவர்களை அகதி அணியாக அங்கீகரித்து, தகுதிப் போட்டிகளில் ஆட இடம் கொடுக்க வேண்டும். அகதி அணியாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2024-இல் அந்தப் பெண்களே ஐ.சி.சி.க்குக் கடிதம் எழுதினார்கள்.

ஆப்கான் ஆண்கள் அணியும் ஒரு காலத்தில் நாடில்லாத அகதிகளின் அணிதான். மைதானம் இல்லை, பணம் இல்லை, அங்கீகாரமும் இல்லை. யாரோ ஒருவர் ஐந்தாம் பிரிவில் ஓர் இடம் கொடுத்தார். மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அண்ணன்மார்களுக்குக் கிடைத்த அந்த ஓர் இடம் தங்கைகளுக்கும் கிடைக்க வேண்டும். அடுத்த முறை ரஷீதின் பந்துக்கு நாம் கைதட்டும்போது, அந்த வீராங்கனைகளையும் நினைவில் வைத்திருப்போம்.