அப்பாவின் அம்பாசடரும் அறிவுரை சொல்ல வந்தவர்களும்

"லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கலாமே?"

இக்கேள்வியை எங்களிடம் கேட்டவர்களை எண்ணத் தொடங்கிப் பதினேழோடு நிறுத்திக்கொண்டோம். கேட்ட அனைவரும் நல்லவர்களே. துக்கம் விசாரிக்க வந்து, எங்களுக்காக உண்மையாகவே வருந்தியவர்களும் அவர்களில் உண்டு. ஆயினும் இக்கேள்விக்குள் ஒளிந்திருக்கும் எண்ணம் ஒன்றோடு எங்களுக்குத் தீராத பிணக்கு இருக்கிறது. முகத்துக்கு நேரே சொன்னால் மனம் நோவார்கள் என்பதால் எழுதிவிடுகிறோம்.

செய்தி இதுதான். 2024 டிசம்பர் நடுவில் அப்பா கொல்கத்தாவில் காலமானார். லேக் மார்க்கெட் பக்கம் நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த தமிழர்களுள் அவரும் ஒருவர். அவர் விட்டுச் சென்றவற்றுள் 1984-ஆம் ஆண்டின் அம்பாசடர் மார்க் 4 ஒன்று. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர்த்தண்டு. முன்புறம் மூவர் அமரத்தக்க ஒரே நீள இருக்கை. அதை 2025 மார்ச் முதல் வாரத்தில் அக்காவும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி ஓட்டிக் கும்பகோணத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். ஆறு நாட்கள்.

அறிவுரையாளர்களில் லாரிக்காரர்கள் மிதவாதிகள். தீவிரவாதிகள் வேறு இருவகையினர். முதல் வகையினர் "உடைத்துப் போடு" என்பார்கள். பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புதிய காரின் சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை கிடைக்கும். கணக்குப் பார்த்தால் லாபம். இரண்டாம் வகையினர் நேர்மாறாக, "ஐயோ, பொக்கிஷம்!" என்பார்கள். இவர்களில் ஒருவர் தமக்குத் தெரிந்த ஓட்டலின் முகப்புக் கூடத்தில் வண்டியை நிறுத்தி, மல்லிகைச் சரம் சுற்றி, விருந்தினர் படமெடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்வதாக வாக்களித்தார். சக்கரங்களின் காற்றை இறக்கிவிட்டுக் கட்டை கொடுத்து நிறுத்துவார்களாம். அப்போதுதான் தரை கெடாதாம்.

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிரிகளென்று எண்ணிக்கொள்கிறார்கள். எங்களுக்கு அவர்கள் ஒரே கட்சியாகத்தான் தெரிகிறார்கள். ஒருவர் வண்டியை நசுக்கச் சொல்கிறார். மற்றவர் பாடம் செய்து வைக்கச் சொல்கிறார். ஓடுகிற வண்டி ஓடட்டும் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சட்டமும் இதே மனத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. தனியார் காருக்கு முதற்பதிவு பதினைந்து ஆண்டு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையும் புதுப்பித்தலும். இதில் எங்களுக்கு வழக்கில்லை. பழைய வண்டியைச் சோதித்துப் பார்ப்பது நியாயமே. ஆனால் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆயிற்று. நாங்கள் ஊர் வந்து சேர்ந்த ஐந்தே மாதத்தில், 2025 ஆகஸ்டில், இருபதாண்டு கடந்த கார்களுக்கு அது 10,000 ஆயிற்று. சோதனை இருமடங்கு கடுமையாகி அதற்காகக் கட்டணம் ஏறியிருந்தால் தலைவணங்கியிருப்போம். இதுவோ வயதுக்கு விதித்த அபராதம். முதியவரைப் பார்த்து "இன்னுமா இருக்கிறீர்?" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அபராதம் கட்டிக்கட்டி ஐம்பதாண்டு தாண்டிவிட்டால் காட்சி மாறுகிறது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, மூலவடிவம் மாறாத ஐம்பது வயது வண்டி திடீரென்று 'விண்டேஜ்' ஆகிவிடுகிறது. தனிப் பதிவு, தனி எண்வரிசை, மரியாதை. ஆனால் அந்தப் பதிவைப் பெற்ற வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்டலாகாது. கண்காட்சிக்குப் போகலாம், பழைய வண்டிகளின் அணிவகுப்புக்குப் போகலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் போகலாம். காய்கறி வாங்கப் போகலாகாது! எங்கள் வண்டிக்கு 2034-இல் ஐம்பது நிறைகிறது. அதுவரை சுமை, அதன்பின் சிலை. இடையில் அது கார் என்பதைச் சட்டத்தில் எந்தப் பக்கத்தில் தேடுவது?

எங்களையும் ஒரு குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டே மேலே செல்கிறோம். இவ்வண்டி லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். இப்பயணத்தில் ஏறத்தாழ 200 லிட்டர் குடித்தது. புகையை வடிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அதில் இல்லை. மோதலில் காக்கும் காற்றுப்பை இல்லை. ஆகவே கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் இது புதிய காரைவிட அழுக்கானது, ஆபத்தானது. இதை மறுத்துப் பேசும் அம்பாசடர் பக்தர்களோடு நாங்கள் இல்லை. நாங்கள் கேட்பது ஒன்றே. வண்டியின் வாலில் கருவியைச் செருகிப் புகையை அளக்க இந்நாட்டில் ஊருக்கு ஊர் நிலையங்கள் இருக்க, பிறந்த தேதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வானேன்? தில்லி வட்டாரத்தில் 2018-இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்த பதினைந்தாண்டுத் தடை என்ன ஆயிற்று? 2025 ஜூலை முதல் நாள், வயது முதிர்ந்த வண்டிகளுக்கு எரிபொருளே இல்லை என்று அறிவித்தார்கள். எழுந்த கூக்குரலில் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் பழைய வண்டியையும் நாற்பதாயிரம் ஓடும் புதிய வண்டியையும் தேதியால் மட்டும் பிரித்தால் இப்படித்தான் முடியும்.

உரியவர் இறந்தபின் வண்டி என்னாகும் என்பதற்கும் விதி உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 56-ஆம் விதி. முப்பது நாளுக்குள் இறப்பைத் தெரிவித்துவிட்டால், வாரிசு மூன்று மாதம்வரை அவ்வண்டியைத் தன் பெயருக்கு மாறியது போலவே ஓட்டலாம். மனிதத்தன்மையோடு எழுதப்பட்ட விதி என்றே சொல்வோம். அதைப் படித்திராத ஓர் அலுவலகத்தில்தான் (பெயர் வேண்டாம்) எங்களிடம், "தடையில்லாச் சான்றுக்கு உரிமையாளர் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும்" என்றார்கள். இறப்புச் சான்றிதழைக் காட்டினோம். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் அடுத்த வாரம் வாருங்கள்" என்றார் அந்த எழுத்தர். அடுத்த வாரம் அப்பா வந்துவிடுவார் என்று எண்ணினாரோ என்னவோ. நான்கு 'அடுத்த வாரங்கள்' கழிந்தன. மார்ச் நடுவோடு மூன்று மாதம் முடிவதால், சான்று கைக்கு வந்த மறுநாளே புறப்பட நேர்ந்தது.

புறப்படும் நாளன்று முதலில் உத்தர்பாராவுக்குப் போனோம். வண்டியை 'ஊருக்கு'க் கொண்டுபோகிறோம் என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தது பிழை என்று அங்கேதான் உறைத்தது. ஹூக்ளியின் மேற்குக்கரையில் இருக்கும் அந்த ஊர்தான் அதன் ஊர். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசை அச்சை வாங்கி, 1950-களின் இறுதியிலிருந்து அம்பாசடரை அங்கே வார்த்தார்கள். 2014 மே மாதம் ஆலை நின்றது. 2017-இல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு நிறுவனம் பெஜோ வாங்கிக்கொண்டது. பெயருக்கு எண்பது கோடி. அப்பெயரைத் தாங்கி ஓடுகிற வண்டிக்கு உடைப்பு நிலையம்! (உத்தர்பாராவின் ஜெயகிருஷ்ண நூலகத்தையும் வெளியிலிருந்து பார்த்தோம். வங்கத்தின் மைக்கேல் மதுசூதன் தத்தர் தம் பிற்காலத்தில் தங்கியிருந்த இடம். அவர் 1848 முதல் 1856 வரை நம் சென்னையில் வாழ்ந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அது வேறு சண்டை, பிறகு போடலாம்.)

பாலசோர், கட்டக், புவனேசுவரம் என்று 16-ஆம் எண் நெடுஞ்சாலையில் இரண்டரை நாள் வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. அறுபதைத் தாண்டாமல் இடப்புறமாகவே வந்தோம். லாரிகள் எங்களை முந்தும்போது ஒலியெழுப்பிக் கையசைத்துப் போயின. மூன்றாம் நாள் நண்பகல், ஒடிசா எல்லையைக் கடந்து ஆந்திரத்தின் இச்சாபுரத்தை நெருங்குகையில் எஞ்சின் இரண்டுமுறை இருமி நின்றுவிட்டது.

வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொள்வது இவ்வண்டிகளின் பழைய நோய். அப்பா செய்வது போலவே துணியை நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினோம். பத்து நிமிடம் ஓடியது, மறுபடி நின்றது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக ஒரு டிராக்டர்க்காரர் உதவினார். சாலையோரப் பட்டறையில், எழுபதை நெருங்கிய ஒருவர் பானட்டைத் திறக்குமுன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு பம்பைக் கழற்றி, உள்ளிருந்த டயாப்ரத்தைக் கையில் வைத்துக் காட்டினார். ஊறிப்போன அப்பளம் போல இருந்தது. விசாகப்பட்டினத்தில் அம்பாசடர் டாக்சிகளைப் பார்த்தே முப்பதாண்டு கழித்தவராம். தெலுங்கில் அவர் சொன்னதன் சாரம்: இப்போதைய பெட்ரோல் ரப்பரைத் தின்கிறது.

எத்தனால் கலப்பைத்தான் சொன்னார். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கை 2030-இலிருந்து 2025-க்கு முன்னிழுத்தார்கள். கரும்பு விவசாயிக்கு நல்லது, இறக்குமதி குறையும் என்கிறார்கள், இருக்கட்டும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் டயாப்ரங்களும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது தெரிந்தும், கலப்பில்லாத சாதாரணப் பெட்ரோலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பங்கில் நிற்பவருக்கு ஏன் விட்டுவைக்கவில்லை? இதைக் கேட்டால் உடனே "புது வண்டி வாங்குங்கள்" என்ற பதில் தயாராக இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் இருக்குமானால் கேள்வியை யாரும் செவிமடுக்கவில்லை என்றே பொருள்.

அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தார். நூலில் கோத்த வாஷர்கள், தாளில் சுற்றிய பாயிண்ட் செட்டுகள், நடுவே எங்கள் பம்புக்குரிய டயாப்ரம் ஒன்று. மாட்டினார். குழாயையும் மாற்றினார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மூன்றாவது டாப்பெட்டில் இடைவெளி கூடியிருக்கிறது, இன்றைக்கு வேண்டாம், ஊர்போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கேட்டது எழுநூறு ரூபாய். ஆயிரம் கொடுத்தோம், முந்நூற்றைத் திருப்பித் தந்துவிட்டார். லாரியில் ஏற்றியிருக்கலாமே என்பவர்களிடம் நாங்கள் சொல்ல விரும்புவது இம்மனிதரைப் பற்றித்தான். ஓட்டல் முகப்பில் நிற்கும் வண்டிக்கு இவர் தேவையில்லை. நசுக்கிய வண்டிக்கும் தேவையில்லை. சாலையில் ஓடுகிற, ஓடி நிற்கிற வண்டிக்கு மட்டுமே அந்த பிஸ்கட் டின் தேவை.

இன்னொரு சாராரைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் எங்களுக்கு உறக்கம் வராது. வந்து சேர்ந்ததும், "அப்பாவே கூட வந்தது போல் இருந்திருக்குமே, அவர் வாசனை இருக்கையில் இருக்குமே, எழுதுங்கள்" என்று கண்கலங்கிக் கேட்டார்கள். இறந்த தந்தையின் பழைய பொருள் ஒன்றைக் கையில் எடுத்ததுமே தந்தை தெய்வமாகிவிடும் எழுத்து தமிழில் ஏற்கெனவே வண்டி வண்டியாகக் கிடக்கிறது. இருக்கையில் ரெக்சின் வாசனையும் எலி வாசனையும்தான் இருந்தன.

அப்பா எங்கள் இருவரில் தம்பிக்கு மட்டும்தான் இவ்வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அக்கா கேட்டபோது, "இந்த ஸ்டீயரிங் உனக்குக் கனம்" என்று முடித்துவிட்டார். (பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, கனம்தான். கனம் என்பது ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியது.) அம்மா நாற்பது ஆண்டும் பின்னிருக்கையிலேயே அமர்ந்தார், முன்னிருக்கை அப்பாவின் நண்பர்களுக்கு. அவர் அன்பில்லாதவர் அல்லர். ஆனால் இந்தக் கார் எங்கள் வீட்டில் யார் எங்கே அமர வேண்டும் என்பதைத் தீர்மானித்த பொருள். அதைப் பூச்சூட்டி வணங்க எங்களால் ஆகாது. ஓட்டத்தான் ஆகும். பாலசோரிலிருந்து நெல்லூர்வரை பெரும்பகுதி ஓட்டியவர் அக்கா. ராஜமுந்திரி கோதாவரிப் பாலத்தில் எதிர்க்காற்றோடு ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடித்தவரும் அவரே. லாரியில் ஏற்றியிருந்தால் வண்டி வந்திருக்கும், இது வந்திருக்காது.

இப்போது பதிவுச் சான்றில் அக்காவின் பெயர் இருக்கிறது. வேறு மாநில வண்டி என்று தமிழ்நாட்டில் மறுபடி சாலை வரி கட்டினோம். கட்டிய தொகையைச் சொன்னால் உடைப்பு நிலையக் கட்சியினர் வெற்றிக் கொடி நாட்டிவிடுவார்கள், ஆகையால் சொல்லமாட்டோம். செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போக இந்த வண்டிதான். முன்னிருக்கையில் அமரச் சொன்னபோது முதல் இரண்டு வாரம் மறுத்தார். மூன்றாம் வாரம், பின்கதவின் கைப்பிடி உள்ளிருந்து திறக்காமல் சிக்கிக்கொண்டதால், முன்னால் ஏறினார். கைப்பிடியை நாங்கள் இன்னும் சரிசெய்யவில்லை.

மூன்றாவது டாப்பெட்டின் டக்டக் ஓசையும் அப்படியே இருக்கிறது. கும்பகோணத்தில் அதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். கடையை மூடிவிட்டுத் திருப்பூரில் மகனோடு இருப்பதாகச் சொன்னார்கள். தஞ்சாவூரில் ஒருவர் இருக்கிறாராம். வருகிற ஞாயிறு ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாமென்றிருக்கிறோம்.