வாளை உறையில் இடச் சொல்பவர் யார்?



மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்திலுள்ள திருத்தூதர் பன்னிருவரின் பெயர்களை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். அங்கே வரி தண்டிய மத்தேயுவும் இருக்கின்றார். ‘தீவிரவாதி’ என்ற அடைமொழியோடு சீமோனும் இருக்கின்றார். இருவருக்கும் ஆண்டவர் தம் குழுவில் இடங்கொடுத்தார். ஆனால் மனிதருக்கு இடங்கொடுத்தவர் அவர்களது ஆத்திரத்திற்கு இடங்கொடுக்கவில்லை. தம்மை ஏற்க மறுத்த சமாரியரின் ஊரை வானத்து நெருப்பால் அழிக்கலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது, அவர் கடிந்துகொண்டது அந்த ஊராரை அன்று, தம் சீடரையே. கெத்சமனியில் பேதுரு வாளை உருவியபோது அதை உறையில் இடச் சொன்னார், வெட்டுண்ட காதைக் குணமாக்கினார், பேதுருவையோ கைவிடவில்லை.

நீதிக்காக எழும் ஒவ்வோர் அரசியல் இயக்கமும் இதே சோதனையை என்றோ ஒருநாள் சந்திக்கின்றது. தன் அணியில் நிற்பவனே வன்முறையில் இறங்கும்போது அதன் தலைவர்களுக்கு முன்னால் இரு இலகுவான வழிகள் உண்டு. “அவர்கள் எம்மவர் அல்லர்” என்று பிலாத்துவைப் போலக் கைகழுவிக் கொள்வது ஒன்று. “எதிரி செய்யும் கொடுமைக்கு முன் இது எம்மாத்திரம்?” என்று மௌனம் காப்பது மற்றொன்று. முதலாவது பொறுப்பைத் தட்டிக்கழிக்கின்றது. இரண்டாவது குற்றத்திற்குத் துணைபோகின்றது. மூன்றாவது வழியொன்று உண்டு. அதுவே கடினமானது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1968ஆம் ஆண்டு நடந்ததை எண்ணிப் பாருங்கள். பெப்ரவரி முதலாம் திகதி, குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இரு கறுப்பினத் தொழிலாளர் உயிரிழந்தனர். அதன்பின் சுமார் 1,300 சுத்திகரிப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். “நான் ஒரு மனிதன்” என்ற பதாகையே அவர்களது கோரிக்கை. அவர்களுக்கு ஆதரவாக மார்ட்டின் லூதர் கிங் மார்ச் 28ஆம் திகதி ஊர்வலத்தில் நடந்தார். இடைநடுவே இளைஞர் சிலர் கடைகளின் கண்ணாடிகளை நொறுக்கினர். பொலிஸார் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினர். பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டான். ஊர்வலம் நிறுத்தப்பட்டது.

அந்த ஊர்வலத்தை ஒழுங்குசெய்தது கிங்கின் அமைப்பு அன்று. அதைக் காரணங்காட்டி அவர் ஒதுங்கிப் போயிருக்கலாம். ஆனால், குழப்பத்திற்குக் காரணமென்று குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞர் குழுவினர் மறுநாள் விடுதிக்கு வந்தபோது, அவர்களோடு அமர்ந்து பேசினார். வன்முறைக்குத் தம் இயக்கத்தில் இடமில்லை என்பதில் உறுதியாக நின்றார். அமைதியான ஊர்வலம் ஒன்றை அதே நகரில் நடத்திக் காட்டுவதற்காகத் திரும்பி வந்தார். ஏப்ரல் 4ஆம் திகதி அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அச்செய்தி கேட்டு நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் கலவரம் மூண்டது. மெம்பிஸிலோ ஏப்ரல் 8ஆம் திகதி, அவருடைய மனைவி கொரெட்டாவின் தலைமையில் பல்லாயிரம் மக்கள் மௌனமாக நடந்தனர். ஏப்ரல் 16ஆம் திகதி தொழிலாளரின் சங்கத்தை நகர நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை சில உண்டு. கட்டுப்பாட்டை வன்முறை வெடித்தபின் தேடுவது காலங்கடந்த செயல். 1963இல் பேர்மிங்ஹாமில் தொண்டர்கள் வீதியில் இறங்குமுன் பத்து உறுதிமொழிகளில் கையொப்பமிட்டனர். இயேசுவின் வாழ்வையும் போதனையையும் நாள்தோறும் தியானிப்பது அவற்றுள் முதலாவது. கையால் மட்டுமன்றி நாவாலும் உள்ளத்தாலும் வன்முறையைத் தவிர்ப்பது மற்றொன்று. அத்தகைய ஆயத்தம் மெம்பிஸில் அன்று இருக்கவில்லை.

“எம்மவரை நாமே கண்டித்தால் எதிரிக்கல்லவா வாய்ப்பு?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் எதிரிக்கு வாய்ப்பளிப்பது எமது மௌனமே. கண்ணாடி நொறுங்கிய ஓசையில் “நான் ஒரு மனிதன்” என்ற குரல் அமுங்கிப் போயிற்று. மறுநாள் பேச்செல்லாம் கலவரத்தைப் பற்றியதாகவே இருந்தது. தன் அணியின் தவறைத் தவறென்று சொல்பவர், அச்சிறுவனைக் கொன்ற துப்பாக்கியை மன்னித்துவிட்டார் என்பது பொருளன்று. ஒரே அளவுகோலால் இரண்டையும் அளப்பவரின் சொல்லுக்கே மதிப்புண்டு.

கண்டிப்பு வேறு, கைவிடுதல் வேறு. கண்டிக்காத இயக்கம் தீவிரவாதியின் கைக்குள் போய்விடும். கைவிடும் இயக்கம் அவனை இன்னும் இருளுக்குள் தள்ளிவிடும். தீயை மறுத்துச் சீடரைத் தம்மோடு வைத்துக்கொண்டவரின் வழி, இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் ஒடுங்கிய வழி.

இந்தப் பயிற்சி வீட்டிலேயே தொடங்க வேண்டும். உங்கள் பிள்ளை ஆத்திரத்தோடு பேசும்போது அவன் நம் பக்கத்தவன் என்று சிரித்து விடுகின்றீர்களா? அல்லது அவனருகே அமர்ந்து, அவன் மனக்குறையைக் கேட்டு, “இது மட்டும் வேண்டாம்” என்று சொல்லும் துணிவு உங்களுக்கு உண்டா? வாளை உறையில் இடும்படி சொல்ல வேண்டியவர் எங்கோ இருக்கும் தலைவர் மட்டுமல்லர், நீங்களும்தான்.