சொல்லாமல் விட்டோம்

சிங்கப்பூருக்கு முதன்முறை கிளம்பும் பிள்ளையை வழியனுப்பும்போது நாம் சொல்லாத புத்திமதி இல்லை. சூயிங்கம் எடுத்துப் போகாதே, அங்கே 1992-லிருந்தே தடை. ரயிலில் உட்கார்ந்து எதையும் தின்னாதே, அபராதம் கட்டவேண்டி வரும். கொழும்பு வழியாகத் திரும்பினால் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதே. 2012-ல் புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோல் படம் எடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பயணிகளுக்கு இலங்கை நீதிமன்றம் தண்டனையே விதித்தது. போய்வந்தவர், போகாதவர் எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறோம். அயல் மண்ணில் நம் ஆளால் ஒரு அவமரியாதை நேர்ந்துவிடக் கூடாது என்ற அந்தப் பதற்றம் நல்ல குணம்தான்.

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களிடம் அந்தக் குணத்தை நாம் காட்டவே இல்லை. நாம் என்றால் இந்தக் கடற்கரையை வைத்துப் பிழைக்கிறவர்கள், செங்கல்பட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவர்கள், இந்த ஊரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லோரும். 2021-22-ல், கொரோனா ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த காலத்தில், நுழைவுக் கட்டணம் உள்ள மத்திய அரசுச் சின்னங்களில் வெளிநாட்டார் அதிகம் வந்தது மாமல்லபுரத்துக்குத்தான்: 1,44,984 பேர். தாஜ்மகாலுக்கு 38,922 பேர். அந்தச் செய்தியை நாமெல்லாம் பெருமையாகப் பகிர்ந்தோம். வந்த அத்தனை பேரிடமும் நாம் என்ன சொல்லி அனுப்பினோம் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் கடல். கடற்கரைக் கோயிலைப் பார்த்து முடித்த கூட்டம் நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. கல்லூரி விடுமுறை நாளில் நண்பர்களோடு வந்த பையன் அலையில் போய்விட்டான் என்ற செய்தி மாமல்லபுரத்திலிருந்தும் கோவளத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் படித்து உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். குளிக்கத் தடை என்று ஒரு பலகை நட்டிருக்கிறோம். ஏன் என்று அது சொல்லாது. கரைக்கு வந்து உடையும் அலைகள் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளம் கிடைத்தால் அதன் வழியே வேகமாகக் கடலுக்குள் ஓடும். அந்தப் பள்ளத்தின் மேல் அலை அதிகம் உடையாது. ஆகவே புதிதாக வந்தவர் கண்ணுக்கு அதுதான் சாதுவான இடமாகத் தெரியும். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேதான் இறங்குவார். இழுப்பில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகவேண்டும் என்பதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நாம் அந்த ஒரு நிமிடத்தைக்கூடச் செலவழிக்கவில்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் குப்பத்து மனிதருக்கு இன்றைக்கு எந்த இடத்தில் இழுப்பு இருக்கிறது என்று தெரியும். ஆபத்து என்று சத்தம் கேட்டால் முதலில் பாய்கிறவரும் பெரும்பாலும் அவர்தான். அவரிடம் கேட்டு ஒரு எச்சரிக்கையை எழுதிவைக்க வேண்டும் என்று நமக்கு இத்தனை காலமாகத் தோன்றவில்லை.

அடுத்தது கல்லில் பெயர் கீறுவது. இதில் வெளிநாட்டாரைக் குறைசொல்ல நமக்கு வாய் இல்லை. பாறைகளில் கிடக்கும் பெயர்களும் அம்பு பாய்ந்த இதயங்களும் பெரும்பாலும் தமிழில்தான் இருக்கின்றன. 2013-ல் எகிப்தின் லக்சர் கோயில் சிற்பத்தில் சீனச் சிறுவன் ஒருவன் தன் பெயரைக் கீறிவிட்டுப் போனது தெரியவந்தபோது சீனாவே கொதித்தது. பெற்றோர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். எங்கோ ஒரு பிள்ளை செய்ததற்கு ஒரு நாடு வெட்கப்பட்டது. 2015-ல் மட்டக்களப்புப் பக்கத்து ஏழைத் தமிழ்ப் பெண் ஒருவர் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் பெயரைக் கீறியதற்காக இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்; பிறகு ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தார். தண்டனை அதிகம் என்று நாம் மனம் வருந்தியது நியாயம். ஆனால் தொல்சின்னங்களைப் பாதுகாக்கும் நம்முடைய 1958-ஆம் ஆண்டுச் சட்டமும், 2010 திருத்தத்துக்குப் பிறகு, சின்னத்தைச் சிதைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. சுற்றுலாப் பேருந்தில் ஏற்றும்போது நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்ன பள்ளி எத்தனை? தண்டனையைச் சொல்வதைவிட, 7-ஆம் நூற்றாண்டில் ஒருவன் உளியால் கொத்திக் கொத்தி எடுத்த வடிவம் இது, ஒரு கீறல் விழுந்தால் திரும்ப வராது என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

சொன்ன கதைகளும் சரியாக இல்லை. ஐந்து ரதங்களைக் காட்டி தருமன், பீமன், அர்ச்சுனன் என்று அடுக்குகிறோம். பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை, அந்தப் பெயர்கள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. திரௌபதி ரதம் என்று நாம் காட்டுவது கொற்றவைக்குச் செதுக்கிய கோயில். பெரிய புடைப்புச் சிற்பத்தில் தவம் செய்வது அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தைக் கேட்டால் வருகிறவர் இன்னும் பத்து நிமிடம் நின்று பார்ப்பார். நடுப்பிளவில் மேலிருந்து தண்ணீர் வழிந்திருக்கும் என்ற கருத்தைச் சொன்னால் நாகர்கள் ஏன் அங்கே நீந்துகிறார்கள் என்று தானே புரிந்துகொள்வார். நாம் அவரை அவசரமாகக் கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டைக்குக் கூட்டிப்போய், கையால் தாங்குவதுபோல் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறை தோண்டி வெளிக்கொண்டுவந்த முருகன் கோயில் இருக்கிறது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். பக்கத்தில் புலிக்குகை வரை வருகிற வேன்கள்கூட அங்கே நிற்பது அபூர்வம். செங்கல்பட்டுக்காரர்களான நமக்கு ஊரை ஒட்டிய வல்லம் குடைவரைகளே பலருக்குத் தெரியாது என்னும்போது, வெளியார் தெரிந்துகொள்ளவில்லை என்று எப்படிச் சொல்வது?

எல்லாவற்றையும்விட நம்மைக் குனியவைக்க வேண்டியது மாசி மகம். ஒவ்வோர் ஆண்டும் மாசிப் பௌர்ணமிக்கு இருளர் பழங்குடிக் குடும்பங்கள் பல மாவட்டங்களிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து சேர்கின்றன. மணலில் கழி நட்டுச் சேலையும் தார்ப்பாயும் கட்டித் தங்குகிறார்கள். விடியலில் அலையோரம் மணலில் படி கட்டித் தங்கள் தெய்வமான கன்னியம்மாளை அழைக்கிறார்கள். அருள் வந்து ஆடுகிறவர்களிடம் குறை சொல்லி வாக்குக் கேட்கிறார்கள். பெண் பார்ப்பதும் கல்யாணம் செய்துவைப்பதும் பிள்ளைக்கு மொட்டையடிப்பதும் அங்கேயே நடக்கின்றன. அந்த மக்களுக்கு அது கோயில், ஊர்க்கூட்டம், உறவு எல்லாம் சேர்ந்த ஒரே இடம். அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அருள் வந்த பெண்ணின் முகத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் லென்ஸை நீட்டுகிறோம். சேலைத் தடுப்புக்குள் தூங்கும் குழந்தையைப் படம் பிடிக்கிறோம். நாம் செய்வதைப் பார்த்து வெளிநாட்டுப் பயணியும் செய்கிறார். உள்ளூர்க்காரரே எடுக்கும்போது அதில் தவறில்லை என்றுதானே அவர் நினைப்பார்? நம் வீட்டுக் கல்யாணத்தில் முன்பின் தெரியாதவர் நுழைந்து மணப்பெண்ணைப் படம் எடுத்தால் சும்மா விடுவோமா? கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களைத் துரத்திப் படம் எடுத்த பயணிகளின் தொல்லை தாங்காமல் 2024-ல் தனியார் சந்துகளுக்குள் வெளியார் நுழையத் தடை போட்டார்கள். இருளர்களுக்கு அப்படிக் கதவடைத்துக்கொள்ளச் சந்து இல்லை, திறந்த கடற்கரைதான். அவர்களுக்காகப் பேசவேண்டியவர்கள் அக்கம்பக்கத்திலிருக்கும் நாம். வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் நம்மைக் காப்பாற்றும் விஷமுறிவு மருந்து தயாராகிறது. இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது கைதட்டினோம். அவர்களுடைய சாமி கும்பிடும் இடத்தில் ஒதுங்கி நிற்கக் கற்கவில்லை.

காசு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. கடற்கரைக் கோயிலுக்கு இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டாருக்கு 600 ரூபாய் என்பது அரசு வெளிப்படையாக எழுதிவைத்த விலை. இளநீருக்கும் ஆட்டோவுக்கும் நாம் முகத்தைப் பார்த்துப் போடும் விலை எங்கும் எழுதியிருக்காது. கமிஷன் கிடைக்கும் கடைக்கு மட்டும் பயணியைக் கூட்டிப்போகிறோம். தெருவோரப் பட்டறையில் கல் தூசியை மூச்சில் வாங்கிக்கொண்டு கொத்துகிற சிற்பியிடம் அவர் போய்ச் சேரவே மாட்டார். நாமே அந்தச் சிற்பியிடம் போனால், வாரக்கணக்கில் உழைத்த பிள்ளையாரைப் பாதி விலைக்குக் கேட்கிறோம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. சிற்பத்தை வாங்குகிறவருக்குக் கைவேலை எது, இயந்திரம் அறுத்தது எது என்று காட்டித் தர ஆளில்லை.

நம்மால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 2019 அக்டோபரில் சீன அதிபர் வருகிறார் என்றதும் சில வாரங்களில் ஊரையே துடைத்து வைத்தோம். 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது உலகெங்குமிருந்து வந்த ஆட்டக்காரர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத குறையாகப் பார்த்துக்கொண்டோம். பெயர் தெரியாத பயணிக்கும், பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கும் அந்த அக்கறையைத் தரத் தவறினோம்.

ஒரே ஒரு தாள் போதும். கடலைப் பற்றிய வரிகளைக் குப்பத்துப் பெரியவர்கள் சொல்லட்டும். மாசி மகத்தன்று எங்கே நிற்கலாம், எதைப் படம் எடுக்கலாம், யாரிடம் கேட்கவேண்டும் என்பதை இருளர் பெரியவர்கள் சொல்லட்டும். கல்லைத் தொடுவதைப் பற்றி 1957-லிருந்து இந்த ஊரில் இருக்கும் அரசு சிற்பக் கல்லூரியில் படித்து வந்தவர்கள் எழுதட்டும். தலசயனப் பெருமாள் கோயில் இன்றும் பூசை நடக்கும் தலம், செருப்பை எங்கே விடவேண்டும், எதுவரை போகலாம் என்பதும் அதில் இருக்கட்டும். டிசம்பர் நாட்டிய விழாவுக்குக் கூட்டம் வருவதற்குள் அதை அச்சடித்து, நுழைவுச்சீட்டோடு கையில் கொடுக்கவேண்டும். முதலில் தமிழில், பிறகு தெலுங்கு, இந்தி, வங்காளம், ஆங்கிலம், பிரெஞ்சு.