ஒரு குழாய் ரத்தம், ஒரு குடும்பத்தின் கதை

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு மருத்துவ முகாம் புதிதல்ல. கையை நீட்டினால் ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை எவ்வளவு, ரத்தசோகை இருக்கிறதா என்று சொல்வார்கள். அத்தோடு முடிந்தது. ஆனால், அதே ரத்தம் மரபணு ஆராய்ச்சிக்கும் போகிறது என்றால், கொடுக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஏனென்றால், மரபணு ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. தாத்தா முதல் பேத்தி வரை எல்லோருடைய கதையும் அதில் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு கிராமங்களில் ரத்த மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்தது. ஒருவரிடம் ‘எம்130’ என்ற அடையாளம் கிடைத்தது. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் அடையாளம் அது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து வந்தவர்களின் தடயம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் அது உண்டு.

எல்லா ஊரிலும் கதை இப்படிப் பெருமையாக முடியவில்லை. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். சர்க்கரை நோய்க்கு விடை கிடைக்கும் என்று நம்பினார்கள். அதே ரத்தத்தில் மனநோய், நெருங்கிய உறவுத் திருமணம், முன்னோர் வந்த வழி என்றெல்லாம் ஆராய்ந்தது பிறகுதான் தெரிந்தது. வழக்கு நடந்தது. 2010-ல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. சொந்தத்தில் பெண் கொடுத்து, பெண் எடுக்கும் நம் தென்மாவட்டங்களுக்கு இது தூரத்துக் கதையல்ல.

ஆய்வு இதழ்களும் இப்போது விழித்துக்கொண்டன. ‘மாலிகுலர் ஜெனடிக்ஸ் அண்ட் ஜீனோமிக் மெடிசின்’ என்ற மரபணு இதழ், 2024-ல் சீன ஆய்வாளர்களின் 18 கட்டுரைகளை ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றது. திபெத்தியர், உய்குர் மக்களின் மரபணுவை ஆராய்ந்த கட்டுரைகளும் அவற்றில் இருந்தன. ரத்தம் கொடுத்தவர்களின் சம்மதப் பத்திரங்களும் கட்டுரைகள் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்பதே காரணம்.

இந்தியாவிலும் விதி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ஆய்வு எதற்கு என்பதைக் கொடுக்கிறவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். சம்மதித்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அதற்காக அவருக்குச் சேர வேண்டிய சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் டாக்டர்களோடு சட்டம் தெரிந்தவரும் சாதாரண மனிதர் ஒருவரும் இருக்க வேண்டும்.

முகாமில் கையெழுத்துக்குக் காகிதம் நீட்டினால், “இந்த ரத்தத்தை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள்?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்தக் கேள்வி கேட்கிறவருக்கு மட்டுமல்ல, அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.