ஆறு வருடக் கணக்கு

ஆயுள் காப்பீட்டு பாலிசிக்கு முதிர்வுத் தேதி உண்டு. வாலிபால் வீராங்கனைக்கு? 2012-ல் தென் கொரியா முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தவர் கிம் யோன்-கியோங். அவர் தன்னுடையவர் என்று உரிமை கொண்டாடிய ஹுங்குக் லைஃப் அணியை நடத்துவதும் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம்தான்.

1988-ல் பிறந்த கிம், பள்ளி நாட்களில் உயரம் போதாதவர். வலைக்கு மேலே எட்டாததைத் தரையில் ஈடுகட்டினார். எதிரணி ஓங்கி அடிக்கும் பந்தைத் தடுத்து எடுப்பதில் கை தேர்ந்தது. பிறகுதான் மளமளவென்று வளர்ந்து 192 செ.மீ.யைத் தொட்டார். அடிக்கவும் எடுக்கவும் தெரிந்த நெட்டை ஆட்டக்காரி கிடைத்தால் எந்த அணி விடும்?

2005-ல் ஹுங்குக்கில் சேர்ந்தார். நான்கு பருவங்களில் அணிக்கு மூன்று பட்டங்கள். 2009-ல் ஜப்பானின் ஜேடி மார்வெலஸ் அணிக்கு இரவலாகப் போனார். 2011-ல் அந்த அணி முதல் முறையாக லீக் பட்டம் வென்றது. அடுத்த இரவல், துருக்கியின் ஃபெனர்பாச்சே. 2012-ல் அது ஐரோப்பிய சாம்பியன். போட்டியின் சிறந்த ஆட்டக்காரி கிம்.

தகராறு அப்போதுதான் வெடித்தது. ஆறு பருவங்கள் ஆடி முடித்தவர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்பது கொரிய லீகின் விதி. கிம்மின் கணக்கில் ஏழு பருவங்கள் முடிந்துவிட்டன. அணியின் கணக்கில் நான்குதான். இரவல் போன வருடங்கள் சேர்த்தியில்லை என்றது அது.

அந்த ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்ஸ். கிம் குவித்தது 207 புள்ளிகள். கொரியா நான்காம் இடம்தான், ஆனாலும் போட்டியின் சிறந்த ஆட்டக்காரி விருது அவருக்கே. இத்தனைக்கும், அடுத்த பருவத்தில் எந்த அணிக்கு ஆடுவது என்பது அவருக்கே நிச்சயமில்லை. வெளிநாட்டில் ஆட மாற்றுச் சான்றிதழ் தேவை. அக்டோபரில் சர்வதேச வாலிபால் சம்மேளனம் ஹுங்குக் பக்கம் தீர்ப்பளித்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. தற்காலிகச் சான்றிதழுடன் அவர் துருக்கிக்குப் பறந்தார். இழுபறி ஓய 2014 ஆயிற்று.

வெளிநாட்டில் விடுதலை. உள்நாட்டில்? அங்கே பழைய கணக்கு அப்படியே இருந்தது. ஷாங்காய், மீண்டும் துருக்கி என்று சுற்றிவிட்டு 2020-ல் தாயகம் திரும்ப நினைத்தபோது அவருக்குத் திறந்திருந்தது ஹுங்குக்கின் கதவு மட்டுமே. அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. சக ஆட்டக்காரிகளுக்கு இடிக்கக் கூடாதென்று தன் சம்பளத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு சேர்ந்தார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் மறுபடி நான்காம் இடம். அத்துடன் தேசிய அணிக்கு விடை கொடுத்தார்.

2022-23 பருவத்துடன் கொரிய மண்ணில் ஆறு பருவங்கள் ஒருவழியாகப் பூர்த்தியாயின. கணக்கு துவங்கி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில் கிம் தேர்ந்தெடுத்தது ஹுங்குக்கை.

2025 ஏப்ரலில் அந்த அணி சாம்பியன் ஆனது. ஐந்து செட் நீண்ட கடைசி ஆட்டத்தில் 37 வயதுக்காரர் எடுத்தது 34 புள்ளிகள். இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரியாக ஒருமனதாகத் தேர்வானார். அதோடு விளையாட்டிலிருந்தே ஓய்வு. இந்த முறை தேதியைக் குறித்தவர் அவரே.