கிழங்குக்கு வேண்டும் சாலை, சாராயத்துக்கு வேண்டாம்

கரியாலூரைச் சுற்றியுள்ள கல்வராயன் மலை ஊர்களில் மரவள்ளி விளைகிறது. தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதற்குள் மலையிறங்கி ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். வண்டி ஏறாத ஊர்க்காரர், வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை. அதே மலையில் காய்ச்சும் சாராயத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. லாரி டியூபில் அடைத்துத் தோளில் போட்டால் ஒற்றையடிப் பாதையே போதும், நாள் கடந்தாலும் கெடாது. கள்ளச்சாராயத்தை மலைமக்களின் குணக்கேடாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. சாலை போடாத அரசு, அறியாமலே சாராயத்துக்குச் சாதகமாக நின்றிருக்கிறது.

லாபம் தெரியாத இடத்துக்குத் தனியார் பணம் முதலில் வராது. சமவெளித் தமிழகத்தில் காமராஜர் காலத்துப் பள்ளிக்கூடமும் மதிய உணவும் மின்கம்பமும் முன்னே போயின. தொழில்கள் அவற்றின் மேல் எழுந்தன. கல்வராயன் மலையோ ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்ததே 1976-இல்தான். 2024 ஜூனில் மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பிறகே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மலைமக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என 6 கோடிக்கு மேல் நிவாரணம் போனது. கொடுத்தே தீர வேண்டிய பணம் அது. ஆனால் அதுவும் அரசுச் செலவுதான், சாவுக்குப் பின் செய்த செலவு.

சில நூறு பேர் வாழும் ஊருக்குச் சாலை போட இவ்வளவு பணமா என்று கேட்கிறார்கள். பிரதமர் கிராமச் சாலைத் திட்டமே சமவெளியில் 500 பேர் என்ற வரம்பை மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு 250 ஆகக் குறைத்தது. காட்டுச் சட்டம் தடுக்கிறது என்பதும் முழு உண்மையல்ல. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால் சாலை, பள்ளி போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் வனநிலம் தர இடமளிக்கிறது. கனமான மறுப்பு வேறு. அதே சாலைத் திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் சாம் ஆஷரும் பால் நோவோசாதும், சாலை வந்த ஊர்களில் ஆட்கள் வெளிவேலைக்குப் போனார்களே தவிர விளைச்சலோ வருமானமோ பெரிதாக உயரவில்லை என்று 2020-இல் எழுதினார்கள். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பொருளியலாளர்கள் ஷெங்கென் ஃபானும் ஹேசலும் தோரட்டும் முன்பே இந்தியக் கிராமச் செலவுகளை ஒப்பிட்டு, வறுமையைக் குறைப்பதில் சாலையும் வேளாண் ஆராய்ச்சியுமே முன்னிற்கின்றன என்று கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், தார் ஊற்றியதோடு வேலை முடியாது என்றுதான் தெரிகிறது. சாலை முடியும் இடத்தில் கிழங்குக்கும் கடுக்காய்க்கும் தேனுக்கும் கொள்முதல் நிலையம் வேண்டும், நேரத்துக்கு வரும் பேருந்து வேண்டும், மலையிலேயே தங்கும் ஆசிரியர் வேண்டும்.

பணம் ஒப்பந்தக்காரரோடு போய்விடும் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு. கல்வராயன் மலைக்கு ஒதுக்கும் தொகையை அரசு ஊர்வாரியாகப் பிரித்து, எந்த ஊருக்கு எந்த ஆண்டில் சாலை, எந்த ஆண்டில் கொள்முதல் நிலையம் என்று கிராம சபையில் படித்துக் காட்டட்டும். அடுத்த பட்ஜெட்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.